மஞ்சள் பட்டையை அழுத்தச் சொன்னவர்

எங்கள் வீட்டின் முன்னறைதான் அத்தையின் கடை. கண்ணாடிக் கதவில் டைப்பிங், பிரிண்ட், லேமினேஷன் என்று ஒட்டியிருக்கும். உள்ளே இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், லேமினேஷன் மெஷின், வருகிறவர்கள் உட்கார பிளாஸ்டிக் நாற்காலிகள். நடு அறையிலிருந்து பார்த்தால் அத்தையின் முதுகு தெரியும். நான் நடந்து பழகிய நாளிலிருந்து வீட்டில் அதிகம் பார்த்தது அந்த முதுகைத்தான்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று ஒரு முறை சொன்னார். யாரும் காதில் வாங்காததால் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் கேட்டவர்கள்தான் களைத்துப்போனார்கள். "அவளுக்குக் கீபோர்டோட கல்யாணம் ஆயிடுச்சு" என்பார் அப்பா. "அது எதிர்த்துப் பேசாதுண்ணா, அதான்" என்பார் அத்தை.

அத்தை தட்டச்சு செய்வதைப் பார்க்கவே சிலர் வேலை முடிந்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், வாய் உங்களோடு பேசும், விரல்கள் தம்பாட்டுக்கு ஓடும். நடுவில் பிரதியில் தப்பு இருந்தால் விரல் நிற்கும். "சார், போன பக்கத்துல வாடகைக்குன்னு எழுதியிருக்கீங்க, இங்க குத்தகைக்குங்கறீங்க. எது?" என்று கேட்பார். அந்தச் சார் தலையைச் சொறிவார்.

இந்த வேகத்துக்குப் பின்னால் ஒரு சிக்கல் உண்டு. கதை முழுக்க அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். அத்தை கற்றுக்கொண்டது பழைய எழுத்துருவில். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில்தான் அது தமிழாகத் தெரியும். மற்றவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் அங்கே கோழி கிளறிய மாதிரி ஏதோ வரும். புதிய முறையில் தட்டச்சு செய்யப் பழகலாம். அத்தை பழகிப் பார்த்தார். முதல் நாள் ஒரு பக்கத்துக்குக் காலை முழுவதும் ஆனது. இரண்டாம் நாள் கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அப்போது ஆய்வேடு அடிக்க வந்துகொண்டிருந்த மாணவர் ஒருவர் ஒரு வழி சொன்னார். வேர்ட் கோப்புக்குள் எழுத்து மட்டும்தான் இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். சின்னச் சின்ன உத்தரவுகளையும் அதற்குள் எழுதி வைக்கலாம். அதற்கு மேக்ரோ என்று பெயர். அந்த மாணவர் எழுதிக்கொடுத்த மேக்ரோ, கோப்பைத் திறந்ததும் பழைய எழுத்தையெல்லாம் புதிய எழுத்தாக மாற்றிவிடும். அத்தை பழையபடியே வேகமாக அடித்து, உள்ளே மேக்ரோவையும் வைத்து அனுப்பினால் போதும். வாங்குகிறவர் கணினியில் அதுவே மாறிக்கொள்ளும்.

ஒரே ஒரு நிபந்தனை. உள்ளே உத்தரவு இருக்கிற கோப்பைத் திறந்தால் மேலே மஞ்சளாக ஒரு பட்டை வரும். இதற்குள் ஏதோ உத்தரவு இருக்கிறது, ஓடவிடலாமா என்று அது கேட்கிறது. அனுமதி என்ற பொத்தானை அழுத்தினால்தான் உத்தரவு ஓடும். இப்போதைய புதிய பதிப்புகள் மின்னஞ்சலில் வந்த கோப்பென்றால் அனுமதி கேட்காமலே மறுத்துவிடுமாம். எங்கள் பக்கத்தில் எல்லாரிடமும் இருந்தது பழசு.

இதனால் கடையில் போன் ஓயவே ஓயாது.

"என்னம்மா அனுப்பியிருக்க? ஒரே புள்ளியும் கோடுமா இருக்கு."

"மேல மஞ்சளா ஒரு பட்டை இருக்கா?"

"இருக்கு."

"அத அழுத்துங்க."

"ஆங்... வந்திருச்சு, வந்திருச்சு!"

ஒரு நாளில் இதையே எத்தனை முறை சொல்வது? அத்தை ஒரு சீட்டு அடித்தார். 'மஞ்சள் பட்டை வந்தால் அழுத்தவும்.' அவ்வளவுதான். லேமினேஷன் செய்து, மூலைகளை உருட்டி வெட்டி, பின்பக்கம் இரட்டை ஒட்டு நாடா வைத்து, வருகிற எல்லாருக்கும் கொடுத்தார். மருந்துக் கடையில், டிரைவிங் ஸ்கூலில், வக்கீல் அலுவலகத்தில், நான் படித்த பள்ளியின் அலுவலகத்தில் என்று எல்லா மானிட்டரிலும் அத்தையின் சீட்டு ஒட்டியிருந்தது. போன் தொல்லை குறைந்தது. அத்தைக்கு அதில் பெருமை கூட இருந்தது.

நான் பள்ளிப் படிப்பை முடித்து, மதிப்பெண்ணுக்குக் காத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த நேரம் அது. ஒரு வியாழக்கிழமை மதியம் அத்தைக்கு வக்கீல் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. போன மாதம் அத்தை அனுப்பியிருந்த கடிதத்துக்கே பதில் போல, அதன் கீழே பழைய கடிதமும் இருந்தது. திருத்தங்களை இணைத்திருக்கிறோம், பார்க்கவும் என்று ஒரு வரி. அத்தை கோப்பைத் திறந்தார். மங்கலாக ஒரு பக்கம். பழைய பதிப்பில் செய்த கோப்பு, படிக்க முடியவில்லையென்றால் மேலே உள்ள பட்டையில் அனுமதி கொடுங்கள் என்று எழுதியிருந்தது.

அத்தை யோசிக்கவில்லை. அவர் கை அந்தப் பட்டையை வருடக்கணக்காக அழுத்திப் பழகிய கை. அழுத்தினார். எதுவும் வரவில்லை. "சரியா அனுப்பத் தெரியல இவங்களுக்கு" என்று மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் முதல் போன் மருந்துக் கடைக்காரரிடமிருந்து.

"என்ன மேடம், பில்லு அனுப்பியிருக்கீங்க. திறந்தா வெறும் பேப்பர்தான் வருது."

"நான் உங்களுக்கு பில்லே அனுப்பலையே."

"உங்க பேர்லதான் வந்திருக்கு. பட்டையக்கூட அழுத்திட்டேன். நீங்க கொடுத்த சீட்டு கண்ணு முன்னாடியேதானே இருக்கு."

அத்தை அனுப்பிய அஞ்சல்களைத் திறந்து பார்த்தார். அப்படி ஒன்று இல்லை. அதற்குள் டிரைவிங் ஸ்கூலிலிருந்து போன். அவருக்கும் பில். அத்தை வக்கீல் அலுவலகத்துக்குப் போன் செய்து, நேற்று திருத்தம் அனுப்பினீர்களா என்று கேட்டார். இல்லை என்றார்கள். போனை வைத்துவிட்டு நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். அந்த நாற்காலியில் அவர் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

கணினி பழுது பார்க்கிறவரை ஸ்க்ரூ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். காதுக்குப் பின்னால் பென்சில் வைப்பது போல ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார். வந்தவர் முதலில் செய்தது கணினிக்கு வந்த இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கியது. பிறகு வைஃபையையும் அணைத்தார்.

"அக்கா, உங்க மெயில் பாஸ்வேர்ட உங்க போன்லேர்ந்து மாத்துங்க. இந்தக் கம்ப்யூட்டர்ல கைய வைக்காதீங்க."

"என்னதான்டா ஆச்சு?"

"நேத்து ஒரு ஃபைல் திறந்தீங்களா? பட்டையை அழுத்தினீங்களா? அதான் ஆச்சு. உள்ள வந்தது உங்க மெயில்ல இருக்கற பேரு, பழைய லெட்டர் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிருக்கு. இப்ப உங்க பேர்ல எல்லாருக்கும் அதையே அனுப்புது. வக்கீல் ஆபீஸ்காரங்ககிட்டயும் அப்படித்தான் அள்ளியிருக்கும்."

"திறந்ததே தப்பா?"

"திறந்த பிறகுகூடத் தப்பிச்சிருக்கலாம். பட்டை வந்தப்ப அப்படியே மூடியிருந்தா அது ஓடியிருக்காது. கதவ நீங்களேதான் திறந்து விட்டிருக்கீங்க."

அத்தை கணினியை விட்டுத் திரும்பினார். சுவரில் ஒட்டியிருந்த தன் சீட்டையே பார்த்தார்.

ஸ்க்ரூ அண்ணன் தொடர்ந்தார். இந்த மாதிரி வருகிறது சும்மா போகாது. ஒரு நாளோ இரண்டு நாளோ உள்ளே சுற்றிப் பார்க்கும். பிறகு எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். அழுத்தினவர்கள் எல்லாரும் உடனே ஒயரைப் பிடுங்க வேண்டும், துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார்.

"பேக்கப் வச்சிருக்கீங்களா?"

அத்தை கணினியின் பின்னால் செருகியிருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினார்.

"எப்பவும் செருகியே இருக்குமா?"

"ஆமா. எடுத்தா மறந்திடுவேன்னு."

"நல்லா இருக்கு. வீட்டு சாவியப் பூட்டுலயே தொங்கவிட்ட மாதிரி. இத பூட்டும்போது அதையும் சேத்துத்தான் பூட்டும். நல்லவேளை இன்னும் பூட்டல."

அவர் பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார். அத்தை போனைக் கையில் எடுத்தார். எல்லாருக்கும் சொல்ல வேண்டும். ஆனால் எண்ணை அழுத்தாமல் நின்றார்.

"என்னன்னு சொல்றது?"

"ஹேக் ஆயிடுச்சு, என் பேர்ல வர்றத திறக்காதீங்கன்னு சொல்லுங்க. ஊர்ல எல்லாரும் அதான் சொல்றாங்க. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"பட்டைய அழுத்தச் சொன்னது நான்தானே?"

"அத ஏன்க்கா நீங்களா போய் எடுத்துக் கொடுக்கறீங்க? உங்களுக்கு வேலை எங்கேருந்து வருது? பாதி அந்த ஸ்கூல்லேருந்து. வினாத்தாள், சர்டிபிகேட், ஆண்டு மலர், எல்லாம். வைரஸ உள்ள விடச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்னு போய்ச் சொன்னா அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா மறுபடி உங்களுக்கு ஒரு பேப்பராவது கொடுக்குமா?"

அவர் சொன்னது பொய் இல்லை. பள்ளியின் வேலை போனால் கடையில் மிச்சம் இருப்பது வாடகை ஒப்பந்தமும் ஜாதகப் பிரதியும்தான். அப்பாவுக்கும் அது தெரியும். அவர் நடு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஸ்க்ரூ சொல்றது சரிதானேம்மா. பாதிய சொன்னா போதாதா?"

அத்தை போனை மேசையில் வைத்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "பாதிய சொன்னா என் பேர்ல வர்றத மட்டும்தாண்ணா திறக்க மாட்டாங்க. நாளைக்கு வேற பேர்ல வரும். அப்பவும் பட்டை வரும். அப்பவும் என் சீட்டு அங்கதான் ஒட்டியிருக்கும்."

ஸ்க்ரூ அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்து மறுபடி காதிலேயே வைத்தார்.

அத்தை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒயரைப் பிடுங்குங்கள், பட்டையை அழுத்தாதீர்கள், யார் அனுப்பினாலும் அழுத்தாதீர்கள், அழுத்தச் சொல்லிக்கொடுத்தது என் தப்பு. எல்லாரிடமும் இதையேதான் சொன்னார். சிலர் சிரித்தார்கள். மருந்துக் கடைக்காரர் மட்டும் நெடுநேரம் கத்தினார். அத்தை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க, ஆமாங்க" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பள்ளி அலுவலகத்தில் மட்டும் யாரும் போன் எடுக்கவில்லை. அங்கே எழுத்தராக இருக்கிறவரை நாங்கள் ஆபீஸ் அக்கா என்போம். அத்தையும் அவரும் ஒரே டைப்பிங் வகுப்பில் படித்தவர்கள். அத்தைக்குப் பள்ளி வேலை கிடைத்ததே அவர் சொல்லித்தான். மதிப்பெண் ஏற்றுகிற வாரம் என்பதால் அலுவலகத்துக்குள் யாரும் போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தலைமையாசிரியை உத்தரவு போட்டிருந்தார். அந்த வருடம் முடித்தவர்கள் அத்தனை பேருடைய மதிப்பெண்ணும் அந்த வாரம்தான் மேலே, கல்வித் துறைக்குப் போக வேண்டும். என்னுடையதும் அதில் இருந்தது. கணக்குத் தாளை நினைத்தபோது, அது மட்டும் போனால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. அத்தை அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நானும் கூடப் போனேன்.

வேகமாக நடந்தோம். அத்தை உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர், அவருக்கு மூச்சு வாங்கியது. பள்ளி வாசல் காவலர் என்னைப் பார்த்து, "அதுக்குள்ள திரும்பி வந்துட்டியா?" என்று சிரித்தார்.

அலுவலகத்தில் ஆபீஸ் அக்கா இரண்டு பெரிய அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மானிட்டரின் கீழ் ஓரத்தில் அத்தையின் சீட்டு.

"வாடி டைப்பு! என்ன இந்த நேரத்துல?"

"என் பேர்ல மெயில் வந்துச்சா?"

"காலையிலயே வந்துச்சே. அழுத்தினேன், ஒண்ணும் வரல. அதான் இன்னொரு தடவையும் அழுத்தினேன்."

அத்தை மேசைக்கு அடியில் குனிந்தார். புடவையைச் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்து, தூசிக்குள் கைவிட்டு நீல ஒயரை இழுத்துப் பிடுங்கினார். மேலே ஆபீஸ் அக்கா, "ஏய், ஏய், என்னடி பண்ற? பாதி ஏறிட்டிருக்குடி!" என்று கத்தினார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து தலைமையாசிரியை வந்தார். மேசைக்கு அடியில் பாதி ஆள், வெளியே பாதி ஆள். என்னைப் பார்த்தார்.

"நீ எதுக்கு இங்க வந்த?"

நான் மேசைக்கு அடியைக் கைகாட்டினேன். அத்தை வெளியே வந்து முழங்கையில் ஒட்டிய தூசியைத் தட்டினார்.

"மேடம், என் மெயில்லேருந்து ஒரு கெட்ட ஃபைல் இங்க வந்திருக்கு. அதான் ஒயரப் பிடுங்கினேன்."

"ஹேக் பண்ணிட்டாங்களா? இப்பல்லாம் எல்லாருக்கும் நடக்குது." தலைமையாசிரியை தன் அறைக்குத் திரும்ப ஒரு அடி வைத்தார்.

அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். தலைமையாசிரியையே பாதியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். ஆபீஸ் அக்காவும் அத்தையைப் பார்த்து, போதும் விடு என்பது போலக் கண்ணைக் காட்டினார்.

"அது மட்டும் இல்ல மேடம்" என்றார் அத்தை. மானிட்டரிலிருந்த சீட்டைக் காட்டினார். "இத நான்தான் எல்லாருக்கும் கொடுத்தேன். என் எழுத்து மாறணும்னா பட்டைய அழுத்தணும். அதனால யோசிக்காம அழுத்தப் பழக்கிட்டேன். அந்தப் பழக்கத்துலதான் நானும் அழுத்தினேன், இவளும் அழுத்தினா. என் பேர்ல வந்தாத்தான்னு இல்ல, யார் பேர்ல வந்தாலும் மஞ்சள் பட்டைய இங்க யாரும் அழுத்தக் கூடாது."

தலைமையாசிரியையின் முகம் மாறியது. "யார் பேர்ல வந்தாலுமா?"

"யார் பேர்ல வந்தாலும்."

அவர் ஆபீஸ் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீ காலையில ஒரு பில்ல எனக்கு அனுப்பினியே. உனக்குத் திறக்கலன்னு."

ஆபீஸ் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"அத இப்பத்தான் திறந்தேன். பட்டை வந்திருக்கு. இங்க சத்தம் கேட்டுது, எழுந்து வந்தேன்."

நாங்கள் எல்லாரும் அவர் அறைக்குள் போனோம். திரையில் மங்கலான அதே பக்கம். மேலே மஞ்சள் பட்டை, அழுத்தப்படாமல். மானிட்டரின் ஓரத்தில் அத்தையின் சீட்டு. அனுப்பியவர் பெயர் அத்தையுடையது அல்ல, ஆபீஸ் அக்காவுடையது. மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் முழுதாக இருந்தது அந்த ஒரு கணினியில்தான். ஆபீஸ் அக்காவின் கணினியிலிருந்து அங்கேதான் ஏறிக்கொண்டிருந்தன.

அத்தை அந்தக் கோப்பை மூடினார். அங்கேயும் ஒயரைப் பிடுங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேலை. ஸ்க்ரூ அண்ணன் வந்து ஆபீஸ் அக்காவின் கணினியைத் துடைத்தார். அதிலிருந்த பழைய சுற்றறிக்கைகளும் கடிதங்களும் போயின. தலைமையாசிரியையின் கணினியைச் சோதித்தார், உள்ளே எதுவும் ஓடவில்லை. மதிப்பெண்கள் பத்திரமாக இருந்தன. என் கணக்கு மதிப்பெண்ணும் பத்திரமாகத்தான் இருந்தது. அதைப் பற்றி வீட்டில் பிறகு தனியாகப் பேசினார்கள்.

கிளம்பும்போது தலைமையாசிரியை அத்தையைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது. குரலை உயர்த்தவில்லை.

"வந்து சொன்னதுக்கு நன்றி. ஆனா இந்த வருஷ வேலைய நாங்க வேற இடத்துல பாத்துக்கறோம். புரிஞ்சுக்குவீங்கன்னு நினைக்கறேன்."

"புரியுது மேடம்" என்றார் அத்தை. மானிட்டரிலிருந்த சீட்டை நகத்தால் நெம்பி எடுத்தார். ஒட்டு நாடா கொஞ்சம் அங்கேயே தங்கிவிட்டது. கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர், "நான் சொன்னேன்ல" என்று ஆரம்பித்தார். அத்தை சாப்பிட்டுக்கொண்டே, "பாதிய சொல்லியிருந்தா அந்தம்மா திரும்பிப் போய் பட்டைய அழுத்தியிருக்கும்ணா" என்றார். அப்பா குழம்பை அத்தையின் பக்கம் நகர்த்தினார்.

மறுநாளிலிருந்து அத்தை சீட்டுகளைத் திரும்ப வாங்கக் கிளம்பினார். போன் செய்து கிழித்துப் போடுங்கள் என்றால் போதாதா என்று கேட்டேன். "லேமினேஷன் பண்ணிட்டேனே, எங்க கிழியும்?" என்றார். கடை கடையாக ஏறி, ஒவ்வொரு மானிட்டராகத் தானே நெம்பி எடுத்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இத்தன வருஷம் கழிச்சு வந்து பிரேக்க அழுத்தாதேன்னு சொல்றீங்களே அக்கா" என்றார்.

"பிரேக்குன்னு நினைச்சு ஆக்ஸிலேட்டர அழுத்தக் கத்துக்கொடுத்துட்டேன் தம்பி. இப்ப கால எடுங்க."

மருந்துக் கடைக்காரர் சீட்டைத் தாமே எடுத்து வைத்திருந்தார். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. அவர் இன்றுவரை கடைக்கு வருவதில்லை. எதிரே வந்தால் தலையை மட்டும் அசைப்பார்.

கடையில் வேலை முறையும் மாறியது. எழுத்தை மாற்றுகிற மேக்ரோவை அத்தை தூக்கிப் போடவில்லை. "அது வீட்டு வேலைக்காரன். அவன ஏன் மத்தவங்க வீட்டுக்கு அனுப்பறீங்க?" என்று ஸ்க்ரூ அண்ணன் கேட்டது அவருக்கு உறைத்துவிட்டது. இப்போது தன் கணினியிலேயே எழுத்தை மாற்றி, பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறார். அதற்குள் மேக்ரோ வராது, மஞ்சள் பட்டையும் வராது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு படி வேலை கூடுதல்தான். முன்பே இப்படிச் செய்திருக்கலாமே என்று கேட்டேன். "அந்த ஒரு படிக்குச் சோம்பல்பட்டுத்தான் ஊரையே பழக்கினேன்" என்றார். அதைச் சொல்லும்போது விரல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

வெளியிலிருந்து வருகிற வேர்ட் கோப்புகளுக்கு மேக்ரோவே ஓடக் கூடாது என்று கணினியில் அமைத்தாயிற்று. பென் டிரைவோ மின்னஞ்சலோ, எதில் வந்தாலும் முதலில் சோதனை. வேர்டும் புதிய பதிப்பு. கறுப்புப் பெட்டி இப்போது அலமாரியில் இருக்கிறது. சாயங்காலம் கடை மூடும்போது செருகி, நகல் எடுத்து, கழற்றி வைத்துவிடுவார். மறந்துபோனால் அப்பா நடு அறையிலிருந்து, "சாவி பூட்டுல தொங்குது" என்பார்.

திரும்ப வாங்கிய சீட்டுகளில் சிலவற்றை அத்தை அடுக்கி, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைத்தார். இப்போது மேசை ஆடுவதில்லை.

சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டினார். இதை லேமினேஷன் செய்யவில்லை. 'எதிர்பார்க்காத கோப்பு வந்தால் திறக்கும் முன் அனுப்பியவரை போனில் கேளுங்கள். மஞ்சள் பட்டையை அழுத்த வேண்டாம். நானே சொன்னாலும்.'

இதைப் படித்துவிட்டு முதலில் பிடித்துக்கொண்டவர் ஆபீஸ் அக்கா. பள்ளி வேலை இல்லாவிட்டாலும் அவர் தன் வீட்டு விஷயமாக ஏதாவது அடிக்கக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். கோப்பு போனதும் கடைப் போன் அடிக்கும்.

"டைப்பு, ஒண்ணு வந்திருக்கு. நீதானா?"

"நான்தான்டி."

"நீதான்னு எப்படி நம்பறது? டைப்பிங் கிளாஸ்ல மாஸ்டரப் பாத்து பயந்து ரிப்பன முழுங்கப் பாத்தது யாரு?"

"நீ."

"சரி, திறக்கறேன்."

ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கேள்வி. இப்படியே அவர்களுடைய இளமைக் காலம் முழுவதும் எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆபீஸ் அக்கா தனக்குப் பெருமை தருவதைக் கேட்பதே இல்லை. அப்படிக் கேட்டால் அத்தை வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொல்லிவிடுவார் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வருடம் கடை இளைத்தது. ஆண்டு மலர் வேறு கடைக்குப் போயிற்று. அத்தை பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டார், உட்கார ஆள் இல்லை என்று. குறை சொல்லவில்லை. ஆனால் பள்ளிப் பேருந்து தெருவில் போகும்போது அவருடைய விரல் ஒரு கணம் நிற்கும்.

அடுத்த வருடம் பள்ளி திறந்து சில வாரங்கள் ஆன பிறகு ஆபீஸ் அக்கா ஒரு கட்டுக் கையெழுத்துப் பிரதியோடு நேரிலேயே வந்தார். சான்றிதழ் படிவங்கள். அந்த வேறு கடைக்காரர் அனுப்பிய கோப்புகளில் மஞ்சள் பட்டை வந்ததாம். ஆபீஸ் அக்கா திறக்க மாட்டேன் என்று விட்டாராம். கடைக்காரர் தலைமையாசிரியையிடம் புகார் சொன்னாராம். அதற்கு அவர், அவள் செய்ததுதான் சரி என்றாராம்.

"அப்புறம் என்கிட்ட கொண்டுபோன்னு சொன்னாங்களா?"

"சொல்லல. அந்தம்மா இதெல்லாம் வாயால சொல்லுமா? பேப்பர என் மேசையில வச்சுது. உன்கிட்டன்னு நானா புரிஞ்சுக்கிட்டேன். ஆனா ஒண்ணு, ஃபைல அவங்களுக்கே நேரா அனுப்பணுமாம்."

அத்தை அன்று சாயங்காலத்துக்குள் அடித்து முடித்தார். இரண்டு முறை சரிபார்த்தார். பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிட்டு, வேலை இல்லாதவர் போல லேமினேஷன் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

போன் அடித்தது. தலைமையாசிரியை. அத்தை ஸ்பீக்கரில் போட்டார், கை ஈரமாக இருந்ததால்.

"ஒரு ஃபைல் வந்திருக்கு. நீங்க அனுப்பினதுதானா?"

"நான்தான் மேடம்."

அந்தப் பக்கம் கொஞ்சம் தயக்கம். "அவ ஏதோ கேள்வி கேட்டு உறுதி பண்ணிக்குவாளாமே. நமக்குள்ள அப்படி என்ன இருக்கு கேக்கறதுக்கு?"

"அன்னைக்கு உங்க ரூம்ல கடைசியா என்கிட்ட என்ன சொன்னீங்கன்னு கேளுங்க மேடம்."

"...என்ன சொன்னேன்?"

"இந்த வருஷ வேலைய வேற இடத்துல பாத்துக்கறோம்னு சொன்னீங்க."

நடு அறையில் அப்பா பேப்பரை மடித்தார். அத்தை துணியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"சரிதான்" என்றார் தலைமையாசிரியை. "திறக்கறேன்."

எதிர்முனையில் மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது.

"தெளிவா வந்திருக்கு. பட்டை எதுவும் வரல."

"வராது மேடம்" என்றார் அத்தை.